டொரிக் லென்ஸ் கண்ணுக்குள் திரும்பிவிடுமா? சிலிண்டர் பவரோடு கற்றரக்ட் ஒப்பரேஷனுக்குப் போகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

கற்றரக்ட் (கண்புரை) ஒப்பரேஷனுக்குத் திகதி எடுத்துக்கொண்டு கடைக்கு வருகிறவர்கள் இப்போது கண்ணாடி பற்றி அதிகம் கேட்பதில்லை. "தம்பி, டொரிக் லென்ஸ் போட்டா கண்ணாடி இல்லாம தூரம் தெரியும் எண்டு டொக்டர் சொல்றார். மருமகன் இன்டர்நெட்ல பாத்துட்டு, அது கண்ணுக்குள்ள சுத்திரும், காசு வீண் எண்டுறான். ஆரு சொல்றது சரி?" டொரிக் லென்ஸ் என்பது கற்றரக்டை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்கும், சிலிண்டர் பவரையும் சேர்த்துத் திருத்தும் லென்ஸ். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதனால்தான் முடிவெடுக்க முடியாமல் திண்டாடுகிறார்கள்.

நான் மட்டக்களப்பில் கண்ணாடிக் கடை வைத்துப் பார்வை அளக்கிறவன். கத்தி பிடிக்கிறவன் இல்லை. கண்ணாடி விற்கிறவன் "கண்ணாடியே போதும்" என்று சொன்னால் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்பதுதான் புத்தி. கீழே சில இடங்களில் அப்படித்தான் சொல்லப்போகிறேன், காரணங்களை நீங்களே நிறுத்துப் பாருங்கள்.

## திரும்பினால் எவ்வளவு போகும்?

கருவிழி ஒரு திசையில் கூடுதலாகவும் அதற்குக் குறுக்கே குறைவாகவும் வளைந்திருப்பதுதான் அஸ்டிக்மாட்டிசம். கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் என்ற கட்டத்தில் அதன் அளவும், அக்சிஸ் என்ற கட்டத்தில் 1 முதல் 180 வரை ஒரு பாகையும் எழுதியிருக்கும். கற்றரக்டை எடுத்துவிட்டு வைக்கும் சாதாரண லென்ஸ் எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்வை மாறாது. டொரிக் லென்ஸிலோ சிலிண்டர் பவர் உள்ளேயே இருக்கிறது. அது கருவிழியின் அக்சிஸோடு சரியாகப் பொருந்தி நின்றால்தான் வேலை செய்யும்.

மணிக்கூட்டில் ஒரு நிமிடக் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே 6 பாகை. லென்ஸ் அந்த அளவு விலகினாலே திருத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 10 பாகை விலகினால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூட. 30 பாகை விலகினால் டொரிக் போட்டதும் போடாததும் ஒன்று: பழைய அளவு சிலிண்டர் அப்படியே இருக்கும், திசை மட்டும் மாறியிருக்கும். அதையும் தாண்டினால் முன்பிருந்ததை விட மோசம்.

இந்தக் கணக்கில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. 1 டயொப்டர் (பவரை அளக்கும் அலகு) சிலிண்டர் உள்ளவருக்கு 10 பாகை விலகினால் மிஞ்சுவது 0.35 டயொப்டர், பெரும்பாலானோருக்கு அது தெரியவே தெரியாது. 2 டயொப்டர் உள்ளவருக்கு அதே 10 பாகையில் 0.7 மிஞ்சும், தூரத்துப் பஸ் போர்ட் கொஞ்சம் கலங்கும். 4 டயொப்டர் உள்ளவருக்கு 1.4 மிஞ்சும்; திரும்பவும் கண்ணாடிதான். டொரிக் லென்ஸால் யாருக்கு அதிக நன்மையோ, அவருக்கே அது திரும்பினால் அதிக நட்டமும்.

மருமகன் இன்டர்நெட்டில் படித்தது பழைய கதையாகவும் இருக்கலாம். முதல் டொரிக் லென்ஸை 1992இல் ஜப்பானில் கிமியா ஷிமிசு வைத்தார். மடிக்க முடியாத பிஎம்எம்ஏ பிளாஸ்டிக் லென்ஸ் அது. அவர் வெளியிட்ட அறிக்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு லென்ஸ் 30 பாகையோ அதற்கு மேலோ திரும்பியிருந்தது. 1998இல் அமெரிக்க அனுமதி பெற்ற ஸ்டார் கம்பனியின் சிலிக்கோன் லென்ஸும் திரும்பும் விஷயத்தில் நல்ல பெயர் எடுக்கவில்லை. 2005இல் அக்ரிசாஃப் டொரிக் என்ற அக்ரிலிக் லென்ஸ் வந்த பிறகுதான் நிலைமை மாறியது.

2018இல் பிரையன் லீ, டேவிட் சாங் என்ற இரு கண் டொக்டர்மார் வெளியிட்ட ஒப்பீட்டில் அக்ரிசாஃப் டொரிக் போட்ட கண்களில் 91.9 சதவீதம் 5 பாகைக்குள் நின்றன. டெக்னிஸ் டொரிக் என்ற இன்னொரு லென்ஸில் அது 81.8 சதவீதம். திரும்பவும் ஒப்பரேஷன் அறைக்குக் கொண்டுபோய் லென்ஸைத் திருப்பிவைக்க வேண்டியிருந்தது முறையே 1.6, 3.1 சதவீதக் கண்களில். பிற்பாடு டெக்னிஸை உள்ளே தாங்கிப் பிடிக்கும் கைகளைச் சொரசொரப்பாக்கி, உராய்வு கூடும்படி டொரிக் II என்ற புது வடிவத்தை அந்தக் கம்பனி கொண்டுவந்தது. ஆக, இக்காலத்து லென்ஸ் பெரிதாகத் திரும்புவது அரிது. ஆனால் நடக்காத காரியம் இல்லை.

## விலகலுக்கு லென்ஸ் மட்டும் காரணம் இல்லை

ஒப்பரேஷன் முடிந்து "லென்ஸ் திரும்பிப்போச்சு" என்று வருகிறவர்களில் எல்லாருக்கும் லென்ஸ் திரும்பியிருக்காது. அளவெடுத்ததில் பிழை வந்தாலும், வைக்கும்போதே அக்சிஸ் தவறினாலும் நோயாளிக்குத் தெரிவது ஒரே மங்கல்தான்.

அளவெடுப்பதில் கருவிழியின் முன்பக்கத்தை மட்டும் பார்ப்பது போதாது. பின்பக்கத்துக்கும் ஒரு சிறு அஸ்டிக்மாட்டிசம் உண்டு, சராசரியாக 0.3 டயொப்டர் அளவில். 2012இல் டக்ளஸ் கோக் குழுவினர் இதை அளந்து காட்டிய பிறகு கணக்குப் போடும் முறையே மாறியது. இப்போது பல டொக்டர்மார் பரெட் டொரிக் கணிப்பானைப் பாவிக்கிறார்கள். அது இந்தப் பின்பக்கத்தையும் சேர்த்துக் கணக்கிடும்.

அடுத்தது குறியிடுவது. மனிதர் நிமிர்ந்து இருக்கும்போது கண் ஒரு நிலையில் இருக்கும். மல்லாந்து படுத்ததும் சில பாகை சுழன்றுவிடும். ஆகவே கதிரையில் நேராக இருக்கும்போதே கண்ணில் மையால் குறியிட வேண்டும், அல்லது கண்ணின் படத்தை வைத்து அடையாளம் பிடிக்கும் கருவி வேண்டும். "எனக்கு இருந்தபடி குறி வைப்பீர்களா, டொக்டர்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

உண்மையில் திரும்புவது எப்போது? 2017இல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வு, பெரும்பாலான சுழற்சி ஒப்பரேஷன் முடிந்த முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் நடந்துவிடுகிறது என்று காட்டியது. ஒப்பரேஷனில் கண்ணுக்குள் செலுத்தும் ஜெல் லென்ஸுக்குப் பின்னால் மிஞ்சியிருந்தால் லென்ஸ் வழுக்கும். வெட்டு வாய் கசிந்து கண்ணின் அழுத்தம் இறங்கினாலும் நகரும். கண் நீளமாக இருப்பவர்களுக்கு, அதாவது பெரிய மைனஸ் பவர்காரர்களுக்கு, லென்ஸ் இருக்கும் பையும் பெரிது. அதில் லென்ஸின் கைகளுக்குப் பிடி குறைவு. நாட்கள் போகப் போகப் பை சுருங்கி லென்ஸை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

## தெரிவுக்கு முன் பார்க்க வேண்டியவை

முதலாவது, கருவிழியில் எவ்வளவு சிலிண்டர். உங்கள் பழைய கண்ணாடிச் சீட்டை வைத்து முடிவெடுக்கக் கூடாது. அந்தச் சீட்டில் இருப்பது கருவிழி, கற்றரக்ட் பிடித்த இயற்கை வில்லை இரண்டினதும் கூட்டுத்தொகை. வில்லையை எடுத்துவிட்டால் அதன் பங்கும் போய்விடும். சீட்டில் 2 என்று இருந்து, கருவிழியை அளந்தால் 1 மட்டும் இருப்பவர்களும் உண்டு, மறுபக்கமாகவும் உண்டு. ஒப்பரேஷனுக்கு முன் கண்ணை அளந்து தரும் பயோமெட்ரி அறிக்கையில் வரும் எண்தான் கணக்கு. கற்றரக்ட் நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்கினருக்கு 1 டயொப்டருக்கு மேல் இருக்கும், 2க்கு மேல் இருப்பவர்கள் மிகக் குறைவு.

இரண்டாவது, அந்த அளவு நிலையானதா. இது எங்கள் பக்கத்து ஆட்களுக்கு முக்கியம். வெயிலிலும் உப்புக் காற்றிலும் தூசியிலும் வேலை செய்தவர்களின் கண்ணில் மூக்குப் பக்கமிருந்து கருவிழி மேல் சதை வளர்ந்திருப்பதை வாழைச்சேனை, கல்முனை மீனவர்களிடமும் அம்பாறை வயற்காரர்களிடமும் அடிக்கடி காண்கிறேன். அந்தச் சதையே கருவிழியை இழுத்துச் சிலிண்டரை உண்டாக்கும். அதை வைத்துக்கொண்டு அளவெடுத்து டொரிக் போட்டால், பிறகு சதையை எடுக்கும்போது கருவிழியின் வடிவம் மாறி, லென்ஸ் துளியும் திரும்பாமலே கணக்குப் பிழைத்துப்போகும். சதை பெரிதாக இருந்தால் முதலில் அதை எடுத்து, சில மாதம் விட்டு, திரும்ப அளந்த பிறகுதான் லென்ஸ் பேச்சு. கண் வறட்சியும் அப்படியே. வறண்ட கண்ணில் இன்று ஒரு அளவு வரும், அடுத்த கிழமை வேறொன்று. கருவிழி மெலிந்து கூம்பு போலாகும் கெரட்டோகோனஸ் நோய் இருந்தால் தனிக் கதை.

மூன்றாவது, கண்ணின் மற்றப் பாகங்கள். சீனி வருத்தத்தால் விழித்திரை பழுதாகியிருந்தால், எந்த லென்ஸ் வைத்தாலும் தெளிவு ஓரளவுதான். கண் அழுத்த நோயில் நரம்பு நலிந்தவருக்கும் அதுவே. முன்பு கண்ணில் அடிபட்டவர்களுக்கு வில்லைப் பையைத் தாங்கும் நார்கள் தளர்ந்திருக்கலாம்.

நான்காவது, ஒப்பரேஷன் முடிந்து இரண்டு கிழமைக்குள் டொக்டரிடம் திரும்பிப் போக முடியுமா. இதை யாரும் கேட்பதில்லை. எனக்கோ, முதலில் கேட்க வேண்டியது இதுதான் என்று தோன்றுகிறது. காரணம் பிறகு.

ஐந்தாவது, உங்களுக்குக் கண்ணாடி எவ்வளவு இடைஞ்சல். டொரிக் லென்ஸ் பெரும்பாலும் தூரத்துக்கு மட்டும் திருத்துவது. வாசிக்க, ஊசியில் நூல் கோர்க்க, போன் பார்க்க அப்போதும் கண்ணாடி வேண்டும். 40 வருடமாக எழுந்தவுடன் கண்ணாடியைத் தேடும் மனிதருக்கு அது முகத்தில் ஒரு பாகம் மாதிரி ஆகியிருக்கும். கடலில் வலை இழுக்கிறவருக்கு அப்படி இல்லை.

## சாதாரண லென்ஸும் கண்ணாடியும்

திரும்புவது பற்றி யோசிக்கவே தேவையில்லாத வழி இது. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை போன்ற அரச ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை இலவசம். எழுதும் கண்ணாடி பிழைத்தால் கண்ணாடியை மாற்றினால் முடிந்தது. கண்ணைத் திறக்க வேண்டியதில்லை.

மறைந்த செலவு ஆயுள் முழுக்கக் கண்ணாடி. சிலிண்டர் கூடிய கண்ணாடிக்கு விலையும் கூட, செய்ய நாளும் கூட. ஒப்பரேஷன் முடிந்து பவர் நிலைக்க ஒரு மாதத்துக்கு மேல் பொறுக்க வேண்டும். அதற்குள் அவசரப்பட்டு எடுத்த கண்ணாடி வீணாகும். இரண்டு கண்களுக்கும் சிலிண்டர் மிகவும் வித்தியாசமாக இருந்தால் புதுக் கண்ணாடியில் நிலம் சாய்ந்தது போலத் தெரியும். சிலர் பழகுவார்கள், சிலர் மேசையில் வைத்துவிடுவார்கள். தோணியில் போகிறவரின் கண்ணாடியில் உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளை படிவதைச் சொல்லத் தேவையில்லை.

கருவிழியில் 1 டயொப்டருக்குக் குறைவாக இருந்தால், விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தால், கருவிழியின் வடிவம் மாறிக்கொண்டிருந்தால், பையின் நார்கள் தளர்ந்திருந்தால் இதைத்தான் எடுக்க வேண்டும். பெரிய வெட்டு வைத்துச் செய்யும் எஸ்ஐசிஎஸ் முறையில் ஒப்பரேஷன் என்றாலும் இதுவே பொருத்தம். ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் வெட்டு, ஆறும்போது தானாகவே கருவிழியின் வளைவை மாற்றிவிடும். அதன் மேல் டொரிக் கணக்குப் போடுவது கஷ்டம்.

## சாதாரண லென்ஸோடு கருவிழியில் வெட்டு

ஒப்பரேஷன் நேரத்திலேயே கருவிழியின் ஓரத்தில் வளைவாக ஒன்றிரண்டு வெட்டுகள் போட்டு, கூடுதலாக வளைந்த திசையைத் தட்டையாக்குவது இன்னொரு வழி. இன்னும் எளிதாக, லென்ஸ் வைக்கும் வெட்டையே அந்தத் திசையில் வைக்கலாம். சிறு வெட்டு வழியாகக் கற்றரக்டை உடைத்து உறிஞ்சி எடுக்கும் பேக்கோ முறையின் 2.2 முதல் 2.8 மில்லிமீற்றர் வெட்டால் அரை டயொப்டருக்குள் ஒரு சிறு திருத்தம் கிடைக்கும்.

உள்ளே திரும்ப எதுவும் இல்லை என்பது இதன் கவர்ச்சி. ஆனால் அக்சிஸ் பிழை இங்கேயும் உண்டு, வெட்டைத் தவறான இடத்தில் வைத்தால் அதைத் திருப்பிவைக்க முடியாது. ஒவ்வொருவரின் கருவிழியும் ஒவ்வொரு விதமாக ஆறுவதால் கிடைக்கும் திருத்தம் முன்கூட்டிச் சொல்ல முடியாதது. காலப்போக்கில் கொஞ்சம் பின்வாங்கவும் செய்யும். கண் வறட்சி உள்ளவருக்கு வறட்சி கூடலாம். 1 டயொப்டர் அளவில் இருப்பவருக்கு, லென்ஸுக்கு மேலதிகமாகச் செலவழிக்க விருப்பமில்லை என்றால், பரவாயில்லை. 2 டயொப்டருக்கு இதை நம்பி இறங்குவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

## டொரிக்: வளைந்த கை, ஹைட்ரோபோபிக் அக்ரிலிக்

டொரிக் என்று சொன்னதும் பெரும்பாலும் டொக்டர் மனதில் இருப்பது இந்த வகை. நடுவில் லென்ஸ், இரு பக்கமும் வளைந்த இரண்டு கைகள். தண்ணீரை ஈர்க்காத இந்த அக்ரிலிக்குக்கு ஒட்டும் தன்மை உண்டு. கண்ணுக்குள் உள்ள ஃபைப்ரோநெக்டின் என்ற புரதம் லென்ஸையும் பையையும் சேர்த்துப் பிடிக்கிறது. பிடித்துக்கொண்ட பிறகு அசையாது. மேலே சொன்ன 2018 ஒப்பீட்டில் வந்த இரண்டு லென்ஸும் இந்த வகைதான், இருந்தும் ஒன்று மற்றதை விட அதிகம் திரும்பியது. ஆகவே "அக்ரிலிக்தானே" என்று விட்டுவிடாமல் எந்த மாடல் என்று கேட்க வேண்டும்.

இதன் செலவு லென்ஸின் விலையோடு நிற்பதில்லை. சிலிண்டர் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறாக இருப்பதால் உங்கள் பவர் கைவசம் இல்லாமல் ஓடர் பண்ணி எடுக்க வேண்டி வரலாம். கூடுதல் ஸ்கேன், கூடுதல் நாள். லென்ஸ் திரும்பினால் அதைத் திருப்பிவைக்கும் இரண்டாவது ஒப்பரேஷனுக்குத் தனிக் காசா, முதல் தொகைக்குள் அடங்குமா என்பதைக் காசு கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது. பிறகு கேட்டால் சங்கடம்.

கண் மிக நீளமானவர்களுக்குச் சில டொக்டர்மார் பையை விரித்துப் பிடிக்கும் சிடிஆர் என்ற வளையத்தையும் கூட வைப்பார்கள். அதற்கும் செலவு உண்டு, ஆனால் பெரிய மைனஸ் பவரும் பெரிய சிலிண்டரும் சேர்ந்து இருப்பவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பது தகும்.

## டொரிக்: தட்டுக் கை, ஹைட்ரோபிலிக் அக்ரிலிக்

வளைந்த கைகளுக்குப் பதிலாக லென்ஸின் இரு முனையும் தட்டையாக நீண்டு பையைத் தொடும் வடிவம் இது. 1998இன் சிலிக்கோன் லென்ஸும் தட்டுக் கைதான். ஆனால் இன்றைய தட்டுக் கை லென்ஸ்கள் அதைவிட நன்றாக நிற்கின்றன. பையின் அளவுக்குப் பொருந்தினால், பை சுருங்கும்போது வளைந்த கைகள் மடங்குவது போல இவை மடங்காது என்பது ஒரு சாதகம். பை பெரிதாகவும் லென்ஸ் சிறிதாகவும் இருந்தால் தொடக்க நாட்களில் சுழல இடமுண்டு.

பொருள் தண்ணீரை உறிஞ்சுவது. மெல்லிய வெட்டு வழியாகச் சுருட்டி அனுப்புவது எளிது, விலையும் பெரும்பாலும் குறைவு. ஆனால் இரண்டு விஷயம் விற்பனைத் தாளில் இருக்காது. இந்தப் பொருளின் பின்னால் பை மங்குவது கூட. மங்கினால் பையில் யாக் லேசரால் ஓட்டை போட வேண்டும். அது பெரிய வேலை இல்லை. மற்றது கொஞ்சம் பாரதூரமானது. பிற்காலத்தில் கண்ணுக்குள் காற்றோ வாயுவோ செலுத்தும் ஒப்பரேஷன் தேவைப்பட்டால், ஹைட்ரோபிலிக் லென்ஸில் கல்சியம் படிந்து லென்ஸே வெள்ளையாகிவிடும் அபாயம் அறியப்பட்டது. அப்படி ஆனால் துடைக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். சீனி வருத்தத்தால் விழித்திரையில் பிரச்சினை தொடங்கிய ஒருவருக்கு வருங்காலத்தில் விழித்திரை ஒப்பரேஷன் வரக்கூடும். அப்படிப்பட்டவர் விலை குறைவு என்பதற்காக இந்த வகையை எடுப்பதை நான் விரும்பமாட்டேன். விழித்திரை சுத்தமாக உள்ளவருக்கு, அனுபவமுள்ள கையில், இது நல்ல லென்ஸ்தான்.

## ஒரே பார்வையில்

| | சாதாரண லென்ஸ் + கண்ணாடி | கருவிழி வெட்டு | டொரிக், வளைந்த கை ஹைட்ரோபோபிக் | டொரிக், தட்டுக் கை ஹைட்ரோபிலிக் |
|---|---|---|---|---|
| பொருந்தும் சிலிண்டர் | எதுவும் | சுமார் 1 டயொப்டர் | 1க்கு மேல், 1.5க்கு மேல் நன்மை தெளிவு | அதுவே |
| திரும்பும் அபாயம் | பொருட்டில்லை | இல்லை | குறைவு. மாடலுக்கு மாடல் வித்தியாசம் | குறைவு. பையின் அளவைப் பொறுத்தது |
| பிழைத்தால் வழி | கண்ணாடியை மாற்றலாம் | கண்ணாடி | இரு கிழமைக்குள் திருப்பிவைக்கலாம், இல்லையேல் கண்ணாடி | அதுவே |
| மறைந்த செலவு | ஆயுள் முழுக்கக் கண்ணாடி | திருத்தம் குறையலாம், கண் வறட்சி | ஓடர், ஸ்கேன், திரும்பப் போய்வரும் பயணம் | யாக் லேசர். கல்சியம் படியும் அபாயம் |
| வாசிக்கக் கண்ணாடி | வேண்டும் | வேண்டும் | வேண்டும் | வேண்டும் |

கடைசி வரிசையை இரண்டு தரம் வாசியுங்கள். டொரிக் போட்டும் பேப்பர் வாசிக்க முடியவில்லை என்று கோபத்தோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கிட்டவும் தூரமும் தெரியும் டொரிக் மல்டிஃபோக்கல் வகையும் இருக்கிறது. அதில் சிறு சிலிண்டர் மிஞ்சினாலே பார்வை குலையும், ஆகவே திரும்புவது பற்றிய கவலை அங்கே இரட்டிப்பு. லேசரால் பிறகு மிச்சத்தைத் திருத்துவதும் ஒரு வழி. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது பெரும்பாலும் கொழும்புப் பயணம் என்பதால் முதல் தெரிவாக எண்ண வேண்டாம்.

## அந்த இரண்டு கிழமை

திரும்பிய லென்ஸைத் திருப்பிவைக்க நல்ல காலம் ஒப்பரேஷனுக்குப் பிறகு ஒன்று, இரண்டு கிழமை. மிக முந்தினால் பை இன்னும் பிடிக்காததால் திரும்பவும் சுழலலாம். மிகப் பிந்தினால் பை ஒட்டிவிடும், லென்ஸை அசைப்பதே ஆபத்து. எந்த அக்சிஸுக்குத் திருப்புவது என்பதற்கும் கணக்கு இருக்கிறது; முதலில் திட்டமிட்ட இடமே சிறந்த இடம் என்று இல்லை. பெர்டால், ஹார்டன் என்ற இரு டொக்டர்மார் அதற்கென்றே ஒரு கணிப்பான் உருவாக்கியிருக்கிறார்கள்.

இதனால்தான் நான்காவது விஷயத்தை அவ்வளவு வலியுறுத்தினேன். கொழும்பிலோ கண்டியிலோ பிள்ளை வீட்டில் தங்கி ஒப்பரேஷன் செய்துவிட்டு மூன்றாம் நாள் அக்கரைப்பற்றுக்குத் திரும்புகிறவர், மங்கல் தெரிந்ததும் "கொஞ்ச நாள் போகட்டும்" என்று இருந்துவிடுகிறார். ஒரு மாதம் கழித்து என்னிடம் கண்ணாடிக்கு வரும்போது சிலிண்டர் எழுதிக் கொடுப்பதைத் தவிர நான் செய்ய ஒன்றும் இல்லை. டொரிக் எடுப்பதென்றால் இரண்டு கிழமை அங்கேயே தங்குங்கள், அல்லது திரும்பிப் போகும் செலவை ஆரம்பத்திலேயே ஒதுக்கி வையுங்கள். உள்ளூரில் செய்ய முடிந்தால் இந்தத் தலையிடியே இல்லை. லென்ஸ் கொஞ்சம் சாதாரண மாடலாக இருந்தாலும், பக்கத்தில் இருக்கும் டொக்டர் பெறுமதியானவர்.

ஒப்பரேஷன் அன்றோ மறுநாளோ கண்மணியை மருந்து விட்டு விரித்து, லென்ஸில் உள்ள புள்ளிகள் எந்தப் பாகையில் நிற்கின்றன என்று டொக்டர் பார்ப்பார். திட்டமிட்ட அக்சிஸ், பார்த்த அக்சிஸ் இரண்டையும் கிளினிக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள். லென்ஸ் ஸ்டிக்கர் ஒட்டிய அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். பிறகு எந்த டொக்டரிடம் போனாலும், எந்தக் கண்ணாடிக் கடைக்குப் போனாலும், அந்த இரண்டு எண்களும் பத்து நிமிடப் பேச்சை மிச்சப்படுத்தும்.

முதல் சில நாட்கள் கண்ணைக் கசக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. டொக்டர் தந்த மூடியை நித்திரைக்குப் போடுங்கள். மாசி, பங்குனி வேளாண்மை வெட்டு நேரத்தில் திகதி எடுத்துவிட்டு "நான் சும்மா வரம்பில நிப்பன்" என்று சொல்பவர்களை நம்புவதில்லை. வெட்டு முடிந்து திகதி எடுங்கள். தொழுகிறவர்கள் சுஜூதுக்குக் குனிவது பற்றித் தயங்காமல் டொக்டரிடம் கேளுங்கள். சில நாட்களுக்குக் கதிரையில் இருந்து தொழச் சொல்வது வழக்கம்.

## யாருக்கு எது

கருவிழியில் 1.5 டயொப்டருக்கு மேல் நிலையான, ஒழுங்கான சிலிண்டர், விழித்திரை நல்லது, கண்ணாடி வேலைக்கு இடைஞ்சல், இரு கிழமைக்குள் டொக்டரைப் பார்க்க முடியும். இந்த நான்கும் பொருந்தினால் டொரிக் எடுக்கலாம், திரும்பும் பயத்துக்காக விடத் தேவையில்லை. விழித்திரையில் பிற்காலத்தில் வேலை வரலாம் என்ற சந்தேகம் இருந்தால் ஹைட்ரோபோபிக் வகை.

1 டயொப்டருக்குக் கீழ் என்றால் காசை மிச்சம் பிடியுங்கள். 1க்கும் 1.5க்கும் இடையில் இருப்பவர்களுக்குத்தான் மண்டை குழம்பும். அவர்களுக்கு நான் கேட்பது ஒன்றே: இப்போது கண்ணாடி இல்லாமல் எத்தனை மணித்தியாலம் இருக்கிறீர்கள்? பெரும்பாலும் போட்டபடியே இருக்கும் ஆள் என்றால் சாதாரண லென்ஸ் போதும்.

கடன் பட்டு, நகை அடகு வைத்து டொரிக் போடுவதற்கு எந்தச் சிலிண்டரும் காரணம் ஆகாது. சாதாரண லென்ஸ் வைத்துக் கண்ணாடி போட்டால் கிடைக்கும் பார்வை, டொரிக் வைத்துக் கிடைக்கும் பார்வையை விடக் குறைந்தது இல்லை. வித்தியாசம் முகத்தில் என்ன இருக்கிறது என்பதில் மட்டும்.

இரண்டு கண்ணுக்கும் ஒப்பரேஷன் என்றால், முதல் கண்ணில் லென்ஸ் எங்கே நின்றது என்று பார்த்த பிறகே இரண்டாவது கண்ணுக்கு லென்ஸ் ஓடர் பண்ணச் சொல்லுங்கள். முதல் கண்ணில் 5 பாகைக்குள் நின்றால் அதே மாடலைத் தொடரலாம். அதிகம் திரும்பியிருந்தால் மற்றக் கண்ணின் பையும் அதே அளவாக இருக்க வாய்ப்பு அதிகம். வேறு வடிவ லென்ஸா, சிடிஆர் வளையம் சேர்ப்பதா, சாதாரண லென்ஸா என்று அப்போது டொக்டரோடு பேசலாம்.